ஒரு நொடியில் மங்கிய படம்

மிரர்லெஸ் கேமரா வாங்கிய சில மாதங்களுக்குள் பலரும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர், “ஜேபெக்ல எடுக்காதீங்க, ராவுல எடுங்க. அப்புறம் எடிட் பண்ணிக்கலாம்” என்று சொல்லியிருப்பார். சொன்னபடியே எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் செருகி லைட்ரூம் மாதிரி ஒரு மென்பொருளில் திறந்தால், படம் முதலில் பளிச்சென்று தெரிகிறது. சேலையின் சிவப்பும் வானத்தின் நீலமும் கேமராவில் பார்த்தபடியே இருக்கின்றன. பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் திரை லேசாகத் துடிக்கிறது. அதே படம் இப்போது வெளிறி, சோகை பிடித்து நிற்கிறது.

இதில் எது நிஜம்? மென்பொருள் படத்தைக் கெடுத்துவிட்டதா, கேமராவில்தான் கோளாறா?

கோளாறு எங்கும் இல்லை. இரண்டு படங்களும் ஒரே கோப்புக்குள்ளிருந்து வந்தவைதான். ரா கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் கேமரா தன் கைப்பட ஒரு சிறு ஜேபெக் படத்தைத் தயாரித்துச் சொருகி வைக்கிறது. மென்பொருள் முதலில் காட்டுவது அதைத்தான். பிறகு, கோப்பில் உள்ள எண்களைத் தானே படித்து, தனக்குத் தெரிந்த பொதுவான முறையில் இன்னொரு படத்தைக் கட்டுகிறது. மங்கலாகத் தெரிவது அந்த இரண்டாவது படம். யாரும் இன்னும் முடிவெடுக்காத படம் அது. முதல் படத்தில் எல்லா முடிவுகளையும் கேமரா எடுத்து முடித்திருந்தது.

என்ன முடிவுகள், எதைப் பற்றி? அதற்குக் கேமராவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியை எடுத்த பிறகு

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, பார்வைத் துளைக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தும் கணத்தில் கண்ணாடி ‘டப்’பென்று மேலே மடங்கும், வெளிச்சம் பின்னால் உள்ள ஃபிலிமுக்கோ சில்லுக்கோ போகும். கல்யாண மண்டபங்களில் ஒரு காலத்தில் ஓயாமல் கேட்ட சத்தம் அது.

2008இல் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1 என்ற கேமரா அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டது. 2013இல் சோனி ஏ7, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள பெரிய சில்லுடன் வந்தது. 2018இல் கேனனும் நிக்கானும் அதே அளவுச் சில்லுடன் மிரர்லெஸ் பக்கம் வந்தன. கண்ணாடி போனதால் கேமரா மெலிந்தது, சத்தம் குறைந்தது. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்றைக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. இப்போது பார்வைத் துளைக்குள் தெரிவது வெளியுலகம் அல்ல, சின்னஞ்சிறு திரை ஒன்று. விளம்பரத் தாள் அதை ‘23.6 லட்சம் புள்ளிகள்’ என்று பெருமையடிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணி வந்த தொகை அது. உண்மையில் 1024க்கு 768 அளவுள்ள ஒரு குட்டித் திரைதான்.

அந்தத் திரையில் தெரிவதும் கேமரா சமைத்த படமே. எவ்வளவு வெளிச்சம், எந்த நிறம், எவ்வளவு அழுத்தம் என்றெல்லாம் கணக்குப் போட்டு, ஜேபெக் எடுத்தால் எப்படி வருமோ அப்படியே முன்கூட்டிக் காட்டுகிறது. எடுக்கும் முன்பே விளைவைப் பார்த்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ராவில் எடுப்பவருக்கு அது பாதி உண்மைதான். பதிவாகப் போகும் கோப்பில் அந்த நிறமும் அழுத்தமும் கிடையாது. வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம்கூடப் பெரும்பாலான கேமராக்களில் ஜேபெக்கை வைத்தே வரையப்படுகிறது. ‘வானம் வெளுத்துவிட்டது’ என்று கேமரா எச்சரிக்கும்போது, ரா கோப்பில் வானம் இன்னும் பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு.

எண்ண மட்டுமே தெரிந்த சில்லு

கேமராவின் சில்லு சிலிக்கானால் ஆனது. வெளிச்சம் ஃபோட்டான் என்னும் ஒளித்துகள்களாக வந்து விழும்போது, ஒவ்வொரு துகளும் ஓர் எலக்ட்ரானைப் பெயர்த்துவிடக்கூடும். இந்த ஒளிமின் விளைவுக்கு 1905இல் விளக்கம் தந்ததற்காகத்தான் ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு. சார்பியலுக்காக அல்ல. சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன்னிடம் சேர்ந்த எலக்ட்ரான்களின் அளவை ஓர் எண்ணாகச் சொல்கிறது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. முக்கியமாக, நிறம் தெரியாது.

நிறத்துக்கு வழி கண்டவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர். 1976இல் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம் எளிது. கட்டங்களின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என வடிகட்டிகளைச் சதுரங்கப் பலகை பாணியில் ஒட்ட வேண்டும். பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, மீதிக்கு நீலம். நம் கண் நுணுக்கங்களைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பச்சைப் பகுதி ஒளியையே அதிகம் நம்புகிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

இதன் விளைவு விசித்திரமானது. சிவப்பு வடிகட்டி உள்ள கட்டத்துக்கு அந்த இடத்தின் பச்சையும் நீலமும் தெரியாது. அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கேட்டுக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். இதை வண்ண நிரவல் எனலாம். அதாவது, இப்படிப்பட்ட சில்லிலிருந்து வரும் எந்தப் படத்திலும் நிறம் சொல்லும் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, ஊகித்தவை. ‘நான் எடிட்டே பண்ண மாட்டேன், அப்படியே இயற்கையா விட்டுடுவேன்’ என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிரவலுக்கு முந்தைய வெறும் எண்களின் கோப்புதான் ரா. தமிழில் மூலக்கோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஜேபெக்குக்கும் அதற்கும் உள்ள உறவு, கலந்து வந்த காபிக்கும் டிகாக்‌ஷனுக்கும் உள்ள உறவு: கலந்த பிறகு சர்க்கரையைக் கூட்டலாம், ஆனால் போட்ட சர்க்கரையையும் ஊற்றிய பாலையும் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. எவ்வளவு பிரிக்க முடியாமல் போகிறது என்பதை எண்களாகவே பார்த்துவிடலாம்.

நாயக்கர் மஹாலில் ஒரு காலை

மதுரை திருமலை நாயக்கர் மஹால். 1636இல் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தூண்கள், அவற்றுக்கு மேல் சுதை வேலை நிறைந்த வளைவுகள். ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாடலுக்கு ராஜீவ் மேனன் கேமரா வைத்த இடம் இது. அவரால் விளக்குகளைக் கொண்டுவர முடிந்தது. சுற்றிப் பார்க்க வந்த குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது.

காலைப் பத்து மணி. முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது. தூண் நிழலில் அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார். பேரன் கையில் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா. அப்பத்தாவின் முகமும் தெரிய வேண்டும், பின்னால் வெயிலில் நிற்கும் தூண்களும் தெரிய வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, கேமரா மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பேரன் வெயிலுக்கு ஏற்றபடி வைக்கிறார்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நொடியில் 400இல் ஒரு பங்கு. கேமராவின் ரா கோப்பு 14 பிட் கொண்டது. அதாவது ஒவ்வொரு கட்டமும் 0 முதல் 16,383 வரை ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லலாம். நிறத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, எளிய மாதிரிக் கணக்கு ஒன்று போடுவோம். வெயிலில் நிற்கும் வெள்ளைத் தூண், கொள்ளளவைத் தொடாமல், 16,000 என்று பதிவாகிறது. நிழலில் உள்ள தூணுக்கு அந்த வெளிச்சத்தில் 32இல் ஒரு பங்குதான் கிடைக்கிறது. எனவே 500. அதே நிழலில் அப்பத்தாவின் முகம் தூணைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதால் 125. கூரையின் இருண்ட மூலை 30.

இந்த எண்களை அப்படியே திரைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? சாதாரணத் திரை 0 முதல் 255 வரைதான் பேசும். விகிதம் மாறாமல் சுருக்கினால் தூணுக்கு 249, முகத்துக்கு வெறும் 2. கரிய இருட்டு. ஆனால் கண் இப்படிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு விளக்கு எரியும் அறையில் இரண்டாவது விளக்கைப் போட்டால் பெரிய மாற்றம் தெரிகிறது. பத்து விளக்குகள் எரியும் இடத்தில் பதினொன்றாவதைப் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூட்டலைவிடப் பெருக்கலைத்தான் கண் கவனிக்கிறது. சில்லு கூட்டல் கணக்குப் பேர்வழி. இந்த இரண்டுக்கும் இடையே சமரசம் செய்ய, இருண்ட பகுதிகளைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு வளைகோட்டைப் பயன்படுத்துகிறார்கள். காமா வளைவு என்று அதற்குப் பெயர். வழக்கமான வளைவைப் போட்டால் நிழல் தூண் 49க்கும், முகம் 21க்கும், கூரை மூலை 6க்கும் ஏறுகின்றன.

21 என்றாலும் முகம் இருட்டுதான். எட்டு மடங்கு தூக்க வேண்டும். கேமராக்காரர்கள் மொழியில் மூன்று ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இருமடங்காவது. இங்கேதான் ராவும் ஜேபெக்கும் பிரிகின்றன.

முகத்தில் வெளிச்சம் பட்ட கன்னம் 125 என்றால், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்த இடம் சுமார் 62. இந்த இரண்டுக்கும் நடுவே ரா கோப்பில் 63 படிகள் உள்ளன. சுருக்கங்கள், மூக்குத்தியின் ஓரம், நெற்றி வளைவு எல்லாம் அந்த 63 படிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. ஜேபெக்கில் இதே இடைவெளி 12 முதல் 21 வரை, ஒன்பதே படிகள். எட்டு மடங்கு தூக்கியதும் திரையில் இந்த இடைவெளி 49 முதல் 70 வரை விரிகிறது. 21 படிகள் தேவை. ராவிடம் 63 உண்டு, மீதியே இருக்கிறது. ஜேபெக்கோ ஒன்பதை வைத்துக்கொண்டு இருபத்தொன்றை நிரப்பப் பார்க்கிறது. கன்னத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் அந்த அசிங்கம் இதனால் வருவதுதான்.

அப்படியானால் முதலிலேயே முகத்துக்கு ஏற்றபடி எட்டு மடங்கு வெளிச்சம் விட்டு எடுத்தால் என்ன? தூணின் 16,000 அப்போது 1,28,000 ஆக வேண்டும். சில்லின் எல்லை 16,383. அதற்கு மேல் வந்த வெளிச்சம் பதிவாகவே இல்லை. தூணின் சுதை வேலைப்பாடும் வெயிலும் ஒரே வெள்ளைத் தாளாகிவிடும், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டில் கிடப்பதை ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போனதை இறக்க முடியாது. எனவே ‘வெளிச்சத்துக்கு எடு, நிழலைப் பிறகு பார்த்துக்கொள்’ என்பது டிஜிட்டல் கேமராக்காரர்களின் பழக்கமாயிற்று.

நிழலைத் தூக்குவதற்கும் விலை உண்டு. வெயில் தூணின் ஒரு கட்டத்தில் 50,000 எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். முகத்தில் அதே கணக்கில் சுமார் 400. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, மழைத்துளி போலத் தாறுமாறாகத்தான் விழுகின்றன. அந்தத் தடுமாற்றம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியிருக்கும். 50,000க்குச் சுமார் 224, அரை சதவீதம்கூட இல்லை. 400க்கு 20, அதாவது ஐந்து சதவீதம். தூக்கும்போது முகத்தோடு இந்தத் தடுமாற்றமும் எட்டு மடங்கு பெருகி, பொடி தூவியதுபோல் தெரிகிறது. கேமராக்காரர்கள் இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் வந்தது என்று பலரும் அதன் மேல் பழி போடுவார்கள். பெரும்பங்கு குற்றவாளி வெளிச்சப் பஞ்சம்.

இவ்வளவு கணக்குக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. “அப்பத்தா, கொஞ்சம் இங்கிட்டு நகர்ந்து உக்காருங்க” என்று முற்றத்தின் பக்கம் இரண்டு அடி வரச் சொல்லிவிட்டால், தரையில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தில் விழும். இரண்டு ஸ்டாப் இலவசமாகக் கிடைத்தாலும் கிடைக்கும். மென்பொருளில் அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

எதை முதலில் தொடுவது?

அப்பத்தா நகர மறுத்துவிட்டார். சரி, அந்த மங்கிய ரா படம் திரையில் இருக்கிறது. பக்கவாட்டில் இருபது முப்பது நகர்த்துப் பட்டைகள். கண்ணில் பட்டதையெல்லாம் இழுப்பதுதான் ஆரம்பகால வியாதி.

முதலில் நிறத்தின் அடிப்படை. வெள்ளை எது என்று படத்துக்குச் சொல்லித்தர வேண்டும், அதுதான் வைட் பேலன்ஸ். சில்லின் பச்சைக் கட்டங்கள் இயல்பிலேயே அதிக ஒளியைப் பிடிப்பவை. பல கேமராக்களில் வெயிலில்கூடச் சிவப்பை ஏறக்குறைய இருமடங்காகப் பெருக்கினால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எந்த வெளிச்சம் என்பதைப் பொறுத்து இந்தப் பெருக்கம் மாறும். அதை கெல்வின் எண்ணால் குறிக்கிறார்கள். நண்பகல் வெயில் சுமார் 5,500, பழைய குண்டு பல்பு 3,000க்குக் கீழே, நீல வானம் மட்டும் ஒளி தரும் நிழல் 7,000க்கு மேல். மஹாலில் வெயில் தூண் ஒரு வெளிச்சத்திலும் முகம் வேறு வெளிச்சத்திலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே எண்ணால் திருப்திப்படுத்த முடியாது. முகத்தை நம்பி வைத்துவிட்டு, தூண் கொஞ்சம் மஞ்சளடித்தால் அப்படியே விட்டுவிடுவது நல்லது. காலை வெயில் மஞ்சளாக இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. ராவில் இந்தப் பெருக்கம் இன்னும் செய்யப்படாததால் எத்தனை முறை மாற்றினாலும் நஷ்டமில்லை.

அடுத்தது மொத்த வெளிச்சம். அதன் பிறகே நிழலையும் உச்ச வெளிச்சத்தையும் தனித்தனியாகத் தொட வேண்டும். இங்கே முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மூன்று ஸ்டாப் தூக்கலாம். ஆனால் முழு மூன்றும் தூக்கினால், நிழலில் இருப்பவர் வெயிலில் இருப்பவரைப்போல் ஆகி, படம் நாடக மேடைச் சாயல் பெற்றுவிடும். இரண்டோடு நிறுத்தினால் நிழல் நிழலாகவே தெரியும்.

இன்னொரு சபலமும் இங்கேதான் வரும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் முகத்தைத் தூக்குவது என்றால் ‘கலர் பண்ணிக் கொடுப்பது’ என்றே நெடுங்காலம் அர்த்தமாக இருந்தது. அப்பத்தாவின் கறுப்பு அவருடைய கறுப்பு. வெளிச்சப் பற்றாக்குறையைச் சரிசெய்வதும் தோலின் நிறத்தை மாற்றுவதும் ஒரே பட்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கே நிறுத்துவது என்று பட்டை சொல்லாது.

மங்கலாகத் தெரிந்த படத்துக்கு உயிர் வருவது கான்ட்ராஸ்ட் கூட்டும்போது. கேமராவின் ஜேபெக்கில் பளிச்சென்று தெரிந்ததன் ரகசியத்தில் பெரும்பகுதி இதுதான். நடுத்தர வெளிச்சங்களைச் செங்குத்தாக விரித்து, இரு ஓரங்களையும் மடக்கிவிடும் எஸ் வடிவ வளைவு அது. நிறங்களின் அடர்த்தியும் கூடவே ஏறும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் கைப்பக்குவம் உண்டு. ஃபியூஜிஃபிலிம் தன் பழைய வெல்வியா, புரோவியா ஃபிலிம்களின் பெயரையே அவற்றுக்கு வைத்திருக்கிறது. அவர்கள் சமையல் பிடித்திருந்தால் ராவோடு ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவு செய்து, அதையே எடுத்துக்கொள்வதில் கேவலம் ஒன்றுமில்லை. எல்லாப் படத்துக்கும் ரா தேவை என்பது கடைகளும் யூடியூப்காரர்களும் சேர்ந்து வளர்த்த ஒரு பக்தி.

நாய்ஸைக் குறைப்பது பிறகு. அளவுக்கு மீறினால் சுருக்கங்கள் மறைந்து முகம் மெழுகாகிவிடும். விளிம்புகளைக் கூர்மையாக்குவது கடைசியில், அதுவும் படத்தை எந்த அளவில் பகிரப்போகிறோமோ அந்த அளவுக்குச் சுருக்கிய பிறகு. லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரப்பி என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கற்க நாளாகும், கணக்கு ஒன்றுதான்.

இதெல்லாம் ஏமாற்று வேலையா?

அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், நிலா எழும் வேளையில் ஒரு படம் எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகால அச்சுகளில் வானம் வெளிறி, மேகம் தெரிகிறது. பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இருட்டறையில் கையால் வெளிச்சத்தை மறைத்தும் கூடுதலாக விட்டும் அவர் செய்ததைத்தான் இன்று பட்டைகள் செய்கின்றன.

கோடு எங்கே விழுகிறது என்பதற்கு வேறோர் உதாரணம். நேஷனல் ஜியோகிராபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டையில் கீஸா பிரமிடுகளைப் போட்டது. அகலப் படத்தை உயர அட்டைக்குள் அடக்க, கணினியின் உதவியால் ஒரு பிரமிடை நகர்த்திவிட்டார்கள். அதற்கு எழுந்த கண்டனம் அடங்க வெகுநாள் ஆனது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு ரகம், இருந்ததை நகர்த்துவது வேறு ரகம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015இல் இன்னும் கண்டிப்பாக, ராவிலிருந்து செய்த படங்கள் வேண்டாம், கேமராவே தரும் ஜேபெக் மட்டும் அனுப்புங்கள் என்று தன் ஒப்பந்தப் புகைப்படக்காரர்களுக்குச் சொன்னது. வேகமும் நம்பகமும் அவர்கள் சொன்ன காரணங்கள். செய்திக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஜேபெக்கும் கேமரா நிறுவனத்துப் பொறியாளர் ஒருவரின் ரசனைதான் என்பது மாறிவிடாது.

பெங்களூர்க்காரரின் சுருக்கு வழி

திருத்தி முடித்தாயிற்று. இனி அனுப்ப வேண்டும். 6,000க்கு 4,000 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம். அப்படியே சேமித்தால் 7.2 கோடி பைட்டுகள், 72 எம்.பி. இதைப் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழேயும் சுருக்கியும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் செய்யும் வித்தைக்கு அடிப்படை போட்டவர் 1940இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல் தன் யோசனையை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். பணம் கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது வந்த குறைகளில் ஒன்று. ஆனாலும் விடாமல், டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரநிலை அதன் மேல்தான் கட்டப்பட்டது.

வழி இப்படி. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் 64 எண்கள் இருக்கும். அவற்றை அப்படியே எழுதாமல், 64 வகையான அலைக் கோலங்களை எந்தெந்த அளவில் கலந்தால் இந்தச் சதுரம் கிடைக்கும் என்று எழுத வேண்டும். வெயில் பட்ட சமதளச் சுவரென்றால், ‘மொத்தத்தில் இவ்வளவு வெளிச்சம்’ என்ற ஒரே எண் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடும். நுணுக்கமான அலைகளுக்கு மிகச் சிறிய எண்களே கிடைக்கும், அவற்றைப் பூஜ்யமாக்கிவிடலாம். சேமிப்பு அங்கேதான். நிறத்தைப் பொறுத்தவரை கண் வெளிச்சத்தில் காட்டும் கறாரைக் காட்டுவதில்லை என்பதால், நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுவதும் வழக்கம்.

அப்பத்தாவின் படத்தில் எது முதலில் அடிபடும்? முகம் அல்ல, சுதை வேலைப்பாடு. அதுதான் நுணுக்கமான அலைகளால் ஆனது. அதிகம் சுருக்கினால், தூணின் கூர்மையான விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் புள்ளிகள் தோன்றும். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி சேமித்தால் இந்த வெட்டும் வீச்சும் இன்னொரு முறை நடக்கும். எனவே திருத்தம் எல்லாம் மூலக்கோப்பில், ஜேபெக் கடைசியில் ஒரே முறை.

அனுப்புகிற இடத்துக்கு ஏற்ப

ஜேபெக்காக வெளியே எடுக்கும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா? எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்ற அகராதிகள் இவை. எஸ்ஆர்ஜிபி 1996இல் ஹியூலட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது. சாதாரணத் திரைகளின் பொதுமொழி. அடோபி ஆர்ஜிபி இன்னும் செறிந்த பச்சைகளையும் நீலப்பச்சைகளையும் அடக்கும். ‘பெரியதுதானே நல்லது’ என்று அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், அந்த அகராதி தெரியாத செயலி அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்று படிக்கும், நிறங்கள் வெளிறிப்போகும். அச்சகத்தார் கேட்டாலொழிய எஸ்ஆர்ஜிபியே போதும்.

அப்புறம் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிகளுக்குச் சுருங்கிவிடும். 1,600க்கு 1,067 என்றால் 17 லட்சம் புள்ளிகள், எடுத்த 2.4 கோடியில் ஏழு சதவீதம். கைபேசித் திரையில் பார்க்க இது தாராளம். அச்சுக்குப் போனால்தான் வினை. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான கணக்கில், மூலப் படம் 20 அங்குல அகலத்துக்கு வரும். வாட்ஸ்அப் படம் ஐந்து அங்குலத்தைத் தாண்டினால் பிசிறடிக்கத் தொடங்கும். 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்.டி. தேர்வு இன்னும் பெரிய படத்தை அனுப்பினாலும் அதிலும் சுருக்கம் உண்டு. ஆல்பம் போடும் கடைக்காரர்கள் “டாக்குமென்ட்டா அனுப்புங்க சார்” என்று சொல்வதன் காரணம் இதுதான். டாக்குமென்ட்டாகப் போகும் கோப்பை வாட்ஸ்அப் தொடுவதில்லை.

தொடுவதில்லை என்பதில் இன்னொன்றும் அடங்கும். கேமரா ஒவ்வொரு படத்தோடும் எக்ஸிஃப் என்ற குறிப்புச் சீட்டை ஒட்டிவைக்கிறது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எத்தனை மணி, எவ்வளவு வெளிச்சம் என்றெல்லாம் அதில் இருக்கும். மற்றவர்களின் படத்திலிருந்து கற்றுக்கொள்ள அருமையான பாடப்புத்தகம். மிரர்லெஸ் கேமராவைக் கைபேசிச் செயலியோடு புளூடூத்தில் இணைத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் ஏறிவிடும்.

2012 டிசம்பரில், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரிக்கத் தேடிக்கொண்டிருந்த கணினிப் பாதுகாப்புத் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியுடன் தாங்கள் இருப்பதாக ‘வைஸ்’ பத்திரிகை ஒரு படம் வெளியிட்டது. கைபேசியில் எடுத்த அந்தப் படத்தின் எக்ஸிஃபை யாரோ படித்துப் பார்த்தார்கள். அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது துல்லியமான இடத்தோடு தெரிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த இடக்குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரத்தோடு சேர்ந்து அதுவும் அப்படியே போகிறது. நாயக்கர் மஹால் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அந்தப் படத்துக்கு ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் எடுத்த குழந்தைகள் படம் என்றால், ஜேபெக்காக வெளியே எடுக்கும் பெட்டியிலேயே ‘இடத் தகவலை நீக்கு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு டாக்குமென்ட்டாக அனுப்பலாம்.